பதினேழாம் நம்பர் ஆணி

— அந்தக் குறட்டக் கீழ போடு! மொதல்ல போடு அம்மணி! உச்சிவேளையில, அதுவும் ஆணிமரத்துக்கிட்ட வந்து, குறட்டத் தூக்கிட்டு நிக்கறயே, உசுரு மேல ஆசையில்லையா ஒனக்கு?

— போடமாட்டேனுங்க பூசாரி. எம்பட ஆணி எதுன்னு கையக் காட்டுங்க. புடுங்கிட்டு நான் பாட்டுக்குப் போயிட்டே இருக்கறேன்.

— ஆணிக்கு எண்ணெ வெக்கோணும், வாங்க பூசாரின்னு இட்டேரி வழியா ஓட்டமா ஓட்டிக் கூட்டியாந்தயே, அது பொய்யா?

— பொய்தானுங்க. நெசத்தச் சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?

— கருப்பராயா! நல்லா இருக்குதே நாயம்! இந்தப் பச்சமுத்து இந்த மரத்துல எத்தன பேரு முடியச் சுத்தி ஆணி எறக்கியிருக்கறேன்! "எம்பேய ஓட்டுங்க"ன்னு அழுதவங்களப் பாத்திருக்கறேன். "எம்பேயத் திருப்பிக் குடுங்க"ன்னு வந்து நிக்கறவ நீ ஒருத்திதான் கந்தம்மா. ஒனக்கென்ன கிறுக்கா?

— கிறுக்குன்னு சொல்லித்தானுங்க இந்த ஆஸ்பத்திரியில கொண்டாந்து போட்டாங்க. மூணு மாசம் உள்ள கெடந்தேன். துரை டாக்டரு நாக்க நீட்டச் சொன்னாரு, கண்ண முழிக்கச் சொன்னாரு. கடைசீல "இந்தப் பொண்ணுக்குக் கிறுக்கும் இல்ல, ஒண்ணும் இல்ல, ஊட்டுல அடிக்காம வெச்சுக்கங்க"ன்னு சொல்லி அனுப்பிச்சுட்டாரு.

— அப்பறம் எதுக்கு உம்பட மாமியா ஆஸ்பத்திரி கேட்டத் தாண்டுனதும் நேரா எங்கிட்ட இழுத்தாந்தா?

— பொண்டாட்டிய அடிக்காம இருன்னு மகங்கிட்டச் சொல்றது கஷ்டமுங்க. ஆணி அடிக்கறது சுளுவு.

— சேரி, பழைய கதைய உடு. எட்டு வருசமா நல்லாத்தானே இருக்கற? ஆட்டமில்ல, சத்தமில்ல. இப்ப என்ன வந்துச்சு?

— நாளைக்குக் காலையில ஆத்தூருக்காரங்க வெத்தல மாத்த வாராங்க. எம்பட பொன்னாயிக்கு.

— அட, நல்ல சேதிதானே!

— பன்னண்டு வயசுங்க எம்புள்ளைக்கு. மாப்பளைக்கு நாப்பத்தேழு. ரெண்டு பொண்டாட்டியப் பொதைச்சுப்போட்டு மூணாவதுக்கு வாரான்.

— யாரு, அரிசி மில்லு சரவணமுத்தா?

— அவனேதானுங்க. மில்லுச் சத்தத்தக் கேட்ட நாள்ல இருந்து எங்கூட்டுக்காரருக்கு வேற சத்தமே காதுல உழுவறதில்ல.

— பதினாலு ஆகாமக் கட்டிக் குடுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குதுன்னு பேசிக்கறாங்களே?

— சட்டம் சேலத்துல இருக்குதுங்க. எங்கூட்டுக்காரரு எருமப்பட்டியில இருக்கறாரு.

— அதுஞ்சரிதான். ஆனா இந்த ஆணியப் புடுங்குனா அது நின்னுருமா?

— நிக்குமுங்க! நல்லா ரோசனை பண்ணிப் பாருங்க. அன்னைக்கு எம்மேல பேயி ஏறுனப்ப என்ன நடந்துச்சு? எங்கூட்டுக்காரரப் பேரு சொல்லிக் கூப்புட்டேன், முன்னால ஒரு "டேய்" வேற போட்டேன். கையக் கட்டிட்டு நின்னாரு! மீன் கொழம்பு கேட்டேன், வந்துச்சு. பச்சச் சேல கேட்டேன், நாமக்கல்லுக்கு ஆள உட்டு வாங்கியாந்தாங்க. ஆறு மாசம் எம்மேல ஒரு கையி ஓங்கல. நான் கேட்டா ஒத கெடைக்குது, பேயி கேட்டா சேல கெடைக்குதுங்க.

— பேயி கேட்டா ஆரு மாட்டேங்கறது! ஒம்பட பேயி என்னைய மட்டும் உட்டு வெச்சுதா? "பச்சமுத்து, நீ போன பங்குனியில சாமி சேவலத் திருடித் தின்னவன்டா"ன்னு சனத்துக்கு முன்னால கத்துச்சே. மானம் போச்சு.

— நெசந்தானுங்களே அது?

— நெசமா இருந்தா சொல்லீறதா? சேரி, மேல சொல்லு.

— முந்தாநேத்து அழுதேன். கால்ல உழுந்தேன். ஒரே ஒத. நேத்துப் பொழுதோட, ஒறம்பர சனமெல்லாம் வந்திருந்தாங்க. தலைய அவுத்துப் போட்டு வாசல்ல எறங்கி ஆடுனேன். கொரலுகூட நல்லாத்தான் வந்துச்சு. எல்லாரும் எந்திரிச்சு நின்னுட்டாங்க.

— அப்பறம்? அப்பறம்?

— சிரிச்சுப்போட்டாருங்க! "ஒம்பட பேயி அங்க ஆஸ்பத்திரி மரத்துல கட்டிக் கெடக்குது, இங்க எப்புடிறி வந்து ஆடும்? போயி ஒலைய வெய்யி"ன்னாரு. சனமெல்லாம் ஆமாமான்னு ஒக்காந்துக்கிச்சு. ஆணி இந்த மரத்துல இருக்கற வரைக்கும் நான் என்ன கத்துனாலும் அது வெறுங் கந்தம்மா கத்தறதுதானுங்க. எவனும் கேக்க மாட்டான்.

— பாத்தயா! பச்சமுத்து அடிச்ச ஆணி! எட்டு வருசங் கழிச்சும் சனம் எப்புடிப் பேசுது பாரு!

— நீங்க மீசைய முறுக்கறீங்க. எம்புள்ள அங்க நெல்லுக் குதுருக்குப் பொறகால ஒளிஞ்சுட்டு அழுவறா. நாளைக்கு வெத்தல மாறிட்டா அவ்வளவுதான், எம்புள்ள எனக்கில்ல.

— அழுவாத, அழுவாத. ஆனா நாஞ் சொல்றதக் கேட்டுக்க அம்மணி. இந்த எடம் லேசுப்பட்ட எடமில்ல. ஆஸ்பத்திரியப் பூட்டி எட்டு வருசமாச்சு, உள்ள ஒரு குஞ்சு கெடையாது. ஆனா உச்சியானா மணியடிக்குது. கணீர் கணீர்னு! மாடு மேய்க்கறவங்க மாட்ட உட்டுப்போட்டு ஓடறாங்க.

— அது சோத்து மணிங்க. மணி நாக்குல கட்டுன கவுறு இன்னும் தாவாரத்துல தொங்குது. கொரங்கு இழுக்குது. காத்தால நான் உள்ள போனப்பக்கூட ஒண்ணு தொங்கிட்டு இருந்துச்சு.

— உள்ள போனயா? ஒத்தையிலயா!

— மூணு மாசம் இருந்த எடந்தானுங்களே. மேல சொல்லுங்க.

— நம்பரு கூப்புடற கொரலு? அதுக்கென்ன சொல்ற? "ஒம்போது... பதினொண்ணு..."ன்னு சன்னமா ஒரு கொரலு. நம்பரக் கேட்டவன் "இருக்கறேன்"னு வாயத் தொறந்தா அடுத்த அமாவாசைக்கு இருக்க மாட்டான்!

— அது மைனாங்க.

— மைனாவா?

— கம்பவுண்டரு வளத்துனது. தெனமும் அவரு எங்களையெல்லாம் நம்பரு சொல்லிக் கூப்புடுவாரு, கேட்டுக் கேட்டு அதும் கூப்புடும். போறப்ப கூண்டத் தொறந்து உட்டுட்டாரு. இப்ப குஞ்சு குளுவானெல்லாம் சேந்து கூப்புடுது. எம்பட நம்பரு பதினேழு. காத்தாலகூட ஒண்ணு சன்னல்ல ஒக்காந்து "பதினேழு"ன்னுச்சு. "இருக்கறேன் சாமி"ன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன்.

— அட கெரகமே! சேரி, மூணாம் ரூம்புல தாலாட்டுப் பாடறாளே, அவ? தொட்டல்ல புள்ளைக்குப் பதுலாப் பூசணிக்காயி! புள்ள செத்த ஏக்கத்துல கெணத்துல உழுந்த ஆவி அது.

— மாரியச் சொல்றீங்களா? எனக்கு அடுத்த பாயிங்க அவ. பூசணிக்காயத் தாலாட்டுனது நெசம். கெணத்துல எல்லாம் உழுவுல. நாமகிரிப்பேட்டையில முறுக்குச் சுட்டு விக்கறா. போன மாசம் சந்தையில பாத்தேன். இப்ப மூணு புள்ளைங்க, கொழுகொழுன்னு இருக்குதுங்க.

— உசுரோடவா இருக்கறா? எட்டு வருசமா அவ ஆவிக்கு நான் படையல் போட்டுட்டு இருக்கறேன்!

— சொல்லியுடறேனுங்க. இனிமே அவளே வந்து தின்னுட்டுப் போவா.

— எகத்தாளம் பண்ணாத! துரை ஆவிய என்ன பண்ணுவ? கப்பல்ல போறப்பவே காச்சல் கண்டு செத்துட்டாரு, ஆவி இங்கயே திரும்பி வந்துருச்சு. பூட்ஸ் காலு சரக் சரக்னு இந்த மரத்தச் சுத்திச் சுத்தி நடக்குது. கையில குறடு. ஆணிய ஒண்ணொண்ணாத் தடவிப் பாக்குது!

— உசுரோட இருந்தப்பவே புடுங்குனாருங்களே. சன்னல்ல நின்னு பாத்திருக்கறேன். "மரம் பாவம், மனுசன் பாவம்"னு அவருக்குத் தெரிஞ்ச தமிழ்ல திட்டிக்கிட்டே புடுங்குவாரு.

— ஆமா, அந்த மனுசன் பொழுதன்னிக்கும் புடுங்குவாரு. அவரு சாப்படப் போற நேரம் பாத்து நான் வந்து அடிப்பேன். பத்து வருசம் ரெண்டு பேத்துக்கும் அதே சோலி. நல்லாப் போனவங்கள எல்லாம் எம்பட மருந்துன்னு அவரு சொல்லுவாரு, எம்பட ஆணின்னு நான் சொல்லுவேன். ஒனக்கு அடிச்ச வாரமே பூட்டிட்டுக் கெளம்பிட்டாரு, இல்லைன்னா உம்படதையும் அன்னைக்கே புடுங்கியிருப்பாரு. போனப்ப எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு போ. சண்டைக்கு ஆளில்லாமப் போச்சு.

— இது அவரு குறடுதானுங்க.

— ஆ! துரை குறடா! தூரப் போடு! தூர!

— மருந்து ரூம்பு மேசை மேல துருப் புடிச்சுக் கெடந்துச்சு. தொட்டுப் பாருங்க, கடிக்காது.

— தொடமாட்டேன்! ஆணியும் காட்ட மாட்டேன்!

— அப்ப நானே தேடிக்கறேன். ஆஸ்பத்திரிச் சட்டையக் கிழிச்சுத்தான எம்முடியக் கட்டி அடிச்சீங்க? துணியில பதினேழுன்னு இருக்கும்.

— அது தெக்கால பக்கம்... சீ, இந்த வாயி தானாச் சொல்லிப்போடுது!

— தெக்கால... இந்தா ஒண்ணு. இல்லீங்க, இது எம்படது இல்ல. பட்டைக்குள்ள முழுகிக் கெடக்குது, கொண்ட மட்டுந்தான் தெரியுது. இது ஆருதுங்க?

— அதத் தொடாத! அது எங்கப்பன் அடிச்சது. ஆஸ்பத்திரி கட்டறதுக்கு முந்தி, மரம் மட்டும் நின்ன காலம். துரையே ஒரு நாளு முச்சூடும் இழுத்துப் பாத்துட்டு வேர்த்து ஊத்திப் போயிட்டாரு. இந்த மரத்துலயே பெரிய பேயி அதுதான். மூணு நாளு ஊரையே நிக்க வெச்ச பேயி!

— ஆரு பேயிங்க?

— சொல்லக் கூடாது. எங்கப்பன் சத்தியம் பண்ணிக் குடுத்துட்டாரு. சாவறப்ப எங்கிட்டயும் வாங்கிட்டாரு. அதுக்கு ஒரு சாண் தள்ளிப் பாரு... ஏ, நான் எதுக்குச் சொல்லிட்டே இருக்கறேன்!

— இருக்குது! பதினேழு! பூசாரி, எம்பட முடிங்க! எப்புடிக் கருகருன்னு இருந்திருக்குது பாருங்க!

— நில்லு, நில்லு! எம்பொழப்பக் கெடுக்காத. பச்சமுத்து அடிச்ச ஆணி கழண்டு போச்சுன்னு ஒரு பேச்சு வந்தா அப்பறம் எவன் எங்கிட்ட வருவான்? கள்ளுக்கடைய மூடி ரெண்டு வருசமாச்சு, முனிக்கு ஒரு மொந்த வெக்க வழியில்ல. சாமியே எம்மேல கோவமா இருக்குது. இதுல நீ வேற!

— நீங்க சொன்னாத்தானுங்க ஊரு நம்பும். ஆணி போயிருச்சு, பேயி கெளம்பிருச்சுன்னு நாளைக்கு வெத்தலத் தட்டு வெக்கறப்ப நீங்க மூச்சு வாங்க ஓடியாந்து சொல்லோணும்.

— எங்கழுத்த நானே அறுத்துக்கோணுமா?

— ஆணி தானாக் கழண்டுச்சுன்னு ஏனுங்க சொல்றீங்க? ஒருத்தரு புடுங்குனாருன்னு சொல்லுங்க.

— ஆரு?

— துரைங்க.

— துரையா?

— பூட்ஸ் காலோட வந்தாரு. குறட்டப் போட்டாரு. எல்லா ஆணியையும் புடுங்கப் பாத்தாரு. நீங்க தடுத்தீங்க. உங்க மந்திரத்துக்கு மத்ததெல்லாம் நின்னுருச்சு. ஒண்ணே ஒண்ணு மட்டும் போயிருச்சு.

— தடுத்தேன்... ஆமா, தடுத்தேன்! துண்ட இடுப்புல கட்டிட்டு, "டேய் வெள்ளக்காரா, இது எங்கப்பன் மரம்டா"ன்னேன்!

— அப்புடித்தானுங்க!

— அவன் இங்கிலீசுல திட்டுனான்! நான் தமிழ்ல திட்டுனேன்! திருநீற அள்ளி மூஞ்சில அடிச்சேன், பொகையாப் போயிட்டான்!

— போறப்ப குறட்டக் கீழ போட்டுட்டுப் போயிட்டாருங்க.

— கருப்பராயா! குறடு! சாட்சிக்குக் குறடே இருக்குதே! அதப் பாத்தா ஊருல பாதிப் பேருக்கு அடையாளந் தெரியுமே! ஒன்னையப் போயிக் கிறுக்குன்னாங்களே அம்மணி, அவனுகளத்தான் உள்ள போட்டிருக்கோணும். சேரி, நான் ஓடியாந்து சொல்லீட்டேன். பேயி என்ன பேசும்? சொல்லு பாக்கலாம்.

— "டேய் சரவணமுத்து! உம்பட ரெண்டு பொண்டாட்டியும் எனக்கு ரெண்டு பக்கமும் நிக்கறாங்கடா! மூணாவதுக்கு எடம் போட்டு வெச்சிருக்கறாங்க, அது அவளுக்கில்லடா, ஒனக்குடா!"

— எம்மா! எனக்கே புல்லரிக்குதே! வந்த வண்டியத் திருப்பக்கூட மாட்டான், நடந்தே ஓடுவான் ஆத்தூருக்கு!

— எல்லாம் ஆன பொறவு வேணும்னா மறுக்கா ஆணி அடிச்சுக்கங்க. பொன்னாயிக்கு வயசு வரட்டும், நானே சேவலோட வந்து ஒக்கார்றேன்.

— ரெண்டு சேவலு.

— மூணு தாரேனுங்க. தள்ளி நில்லுங்க. இழுக்கறேன்... வருது... வருதுங்க... வந்துருச்சு!

— மணி! மணியடிக்குது! கருப்பராயா, ஆணி வந்ததும் மணியடிக்குதே!

— கொரங்குங்க. பயப்படாதீங்க.

— கொரங்கு இந்தா, இந்தச் செவுத்து மேல குட்டியோட ஒக்காந்து என்னையப் பாத்துட்டு இருக்குது! அங்க கவுற ஆரு இழுக்கறா?

— சத்தம் போடாதீங்க பூசாரி... ஆரோ உள்ள இருக்கறாங்க.

— அங்க பாரு, தாவாரத்துல! வெள்ளச் சேல! வெள்ளச் சேல கட்டிட்டு ஒண்ணு எறங்கி வருது! தோள்ல நெட்டையா என்னமோ வெச்சிருக்குது! நீ உள்ள இருந்தவ, நீ சொல்லு, அது எந்த ரூம்புப் பேயி?

— பேயா இருந்தாத் தேவலைங்க. அது எங்க மாமியா.

— பெரியநாயகி ஆத்தாளா! ஓடு!

— எங்கீங்க ஓடறது? அன்னைக்கு எம்பட முடியப் புடிச்சு உங்க கையில குடுத்ததே அவங்கதான். கடப்பாரையோட வாராங்க. போச்சு, எல்லாம் போச்சு.

— நில்லுங்க ரெண்டு பேரும். ஓடுனா இதுலயே ஒண்ணு போடுவேன்.

— ஆத்தா, எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க! துரைதான் புடுங்குனாரு! பூட்ஸ் காலோட வந்தாரு, நான் துண்ட இடுப்புல...

— வாய மூடு பச்சமுத்து. செவுத்துக்கு அந்தாண்ட நின்னு எல்லாம் கேட்டேன். மணிய நாந்தான் அடிச்சேன், மாடு மேய்க்கறவனுக இந்தப் பக்கம் வந்தரக் கூடாதுன்னு. கந்தம்மா, கையில என்ன?

— ஆணிங்க அத்தெ.

— காட்டு.

— அடிங்க அத்தெ, கொன்னு போடுங்க. எட்டு வருசமா நீங்க சொன்ன ஒரு சொல்லத் தட்டுல. இதுல மட்டும் கேக்க மாட்டேன். எம்புள்ளைய அந்தக் கெழவனுக்குக் குடுக்க உடமாட்டேன்.

— நேத்து நீ ஆடுனதப் பாத்தேன்.

— அத்தெ...

— ஆட்டம் நல்லாத்தான் இருந்துச்சு. நடுவால பொன்னாயியப் பாத்துக் கண்ணத் தொடச்ச பாரு, அங்கதான் கெட்டுச்சு. பேயி கண்ணத் தொடைக்காது.

— உங்களுக்கு எப்புடிங்க தெரியும்?

— பச்சமுத்து, உங்கப்பன் எனக்குப் பண்ணிக் குடுத்த சத்தியத்தக் காப்பாத்துனயா?

— காப்பாத்துனனுங்க ஆத்தா. இப்பக்கூட இவ கேட்டா. சொல்லலீங்க.

— இனிக் காப்பாத்த வேண்டாம். கந்தம்மா, எம்மவ மாரக்காளப் பத்தி ஒனக்கு என்ன சொல்லியிருக்கறாங்க?

— பொன்னாயி அப்பனுக்கு அக்கா. சின்ன வயசுலயே கெணத்துல தவறி உழுந்துட்டாங்கன்னு.

— தவறி உழுவுல. பதிமூணு வயசுல ஒரு கெழவனுக்குக் கட்டிக் குடுத்தாங்க. அதத் தடுக்கத்தான் நான் மூணு நாளு ஆடுனேன், ஊரே நின்னுச்சு. நாலாம் நாளு இந்த மரத்துக்குக் கொண்டாந்தாங்க. ஆணி எறங்குன பொறவு நான் கத்துனது ஒருத்தங் காதுலயும் ஏறல. ரெண்டே வருசம். கெணத்துல மெதந்தா எம்புள்ள.

— அத்தெ! அப்பறம் ஏனுங்க எம்பட முடியப் புடிச்சுக் குடுத்தீங்க?

— பொறாமதான். வேறென்னன்னு சொல்றது? எம்படது மரத்துக்குள்ள முழுகிக் கெடக்குது, நீ பச்சச் சேல கட்டிட்டு மீன் கொழம்பு கேட்டு ஆடறயேன்னு வயிறு எரிஞ்சுது. நேத்து குதுருக்குப் பொறகால பொன்னாயி அழுதா பாரு, அச்சு அசலா மாரக்கா கொரலு. அதுக்கப்பறம் எனக்கு ஒரு வா தண்ணி எறங்குல.

— அழுவாதீங்க அத்தெ. நீங்க அழுது நான் பாத்ததே இல்ல.

— ஆத்தா, அப்ப அந்தக் கடப்பாரை எதுக்குங்க?

— துரை குறட்டுக்கே வராத ஆணியாம்ல அது? நீ அந்தப் பக்கம் புடி பச்சமுத்து, கந்தம்மா இந்தப் பக்கம் வா. ஒத்தப் பேயிக்கெல்லாம் எம்மவன் செங்கோடன் அடங்க மாட்டான்.